குவாலியர் மன்னருக்கும் கப்பல் கம்பெனிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: பல்லார்ட் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். அங்குள்ள சிந்தியா ஹவுஸ் குவாலியர் அரச குடும்பத்தினர் தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் கட்டடமா? வ.உ.சி.யின் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: சிந்தியா கப்பல் நிறுவனம் அரச குடும்பத்தினுடையதன்று, 'சிந்தியா' என்ற குடும்பப் பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது. வால்சந்த் ஹிராசந்தும், ஆலை அதிபர் மொரார்ஜி கோகுல்தாஸின் மகன் நரோத்தம் மொரார்ஜியும் 1919இல் தொடங்கியது இது. 1891இல் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் பசிபிக் கடலில் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பலை, முதல் உலகப் போரின்போது குவாலியர் மன்னர் வாங்கி, 'லாயல்டி' எனப் பெயர் மாற்றி, காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனைக் கப்பலாக்கினார். போர் முடிந்ததும் அதையே இவர்கள் வாங்கினார்கள். அக்கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளைத்தான் இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், அதாவது பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்ற திட்டத்துடன் 1906இலேயே பதிவாகிவிட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் தூத்துக்குடி–கொழும்புத் தடத்துக்குக் கப்பல் தேடி அவர் வந்ததும் இதே பம்பாய்க்குத்தான் என்பதை நம்மவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். இரு நிறுவனங்களும் எதிர்த்து நின்றது ஒரே ஆங்கிலேயக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை. சிறைத் தண்டனையால் வ.உ.சி.யின் முயற்சி முறிந்தது; சிந்தியாவோ 1923இல் அந்த எதிரியுடனேயே ஒப்பந்தம் செய்து, கரையோர வணிகத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு பிழைத்தது.