மூன்று மெஷின் சாயப்பட்டறைக்குச் சோலார் முதலா, தண்ணீர் மீட்டர் முதலா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "மூன்று சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வைத்து ஜாப் ஒர்க்கில் பருத்தித் துணிக்குச் சாயம் போடுகிறேன். கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அந்த பில்தான் மாதாமாதம் கழுத்தை நெரிக்கிறது. துணி கொடுக்கும் எக்ஸ்போர்ட்டரோ, பையர் சுற்றுச்சூழல் கணக்கு கேட்கிறான், நீயும் ஏதாவது செய் என்கிறார். கூரையில் சோலார் போட கொட்டேஷன் வாங்கிவிட்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?"

சோலார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயப்பட்டறையில் எரிசக்தியின் பெரும்பகுதி கரண்டாகப் போவதில்லை, பாய்லரில் விறகாகப் போகிறது. சோலார் அந்த விறகில் ஒரு கட்டையைக்கூடக் குறைக்காது, சுத்திகரிப்பு பில்லையும் தொடாது. உங்கள் வலி இருக்கும் இடம் தண்ணீரும் உப்பும்தான்.

ஏன் என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டதற்குக் காரணம் நொய்யல் ஆற்றில் கலந்த உப்பும் சாயமும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவும். அதற்குப் பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் ஓடுகின்றன. ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் திரும்பக் கிடைக்கும், சரி. மிஞ்சுகிற உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து வற்ற வைக்க வேண்டுமே, செலவு அங்கேதான் எகிறுகிறது. உப்பு என்ன செய்கிறது? சாயத்தைப் பருத்தியை நோக்கித் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான், துணியில் ஒட்டுவதில்லை. கொட்டிய உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வந்துவிடும். ஆக ஒரு கிலோ உப்புக்கு வாங்கும்போது ஒரு முறை, பிரித்தெடுக்க இன்னொரு முறை என்று இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள்.

இப்போது உங்கள் மெஷினைப் பாருங்கள். 500 கிலோ லாட், லிக்கர் ரேஷியோ (ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்) 1:8 என்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினில் ஒரு தடவை பிடிக்கும் தண்ணீருக்கு, 4,000 லிட்டர். அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்தால் 280 கிலோ உப்பு. மெஷின் இடம் கொடுத்து 1:6க்கு இறங்க முடிந்தால் 3,000 லிட்டர், 210 கிலோ. ஒரே லாட்டில் 70 கிலோ உப்பு மிச்சம். பிளீச்சிங்கிலிருந்து கடைசி அலசல் வரை பத்து பாத் போனால் 10,000 லிட்டர் தண்ணீரும் மிச்சம். (ரேஷியோ மாறினால் ரெசிப்பியும் மாறும், லேபில் அதே ரேஷியோவில் போட்டுப் பார்க்காமல் நேராக மெஷினுக்குப் போகாதீர்கள்.) இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அவசர லாட் என்று 500 கிலோ மெஷினில் 300 கிலோவைப் போட்டு, பழக்கதோஷத்தில் அதே 4,000 லிட்டரைப் பிடிப்பது. ரேஷியோ 1:13க்கு மேலே போய்விடும், அதே 280 கிலோ உப்பு 300 கிலோ துணிக்குச் செலவாகும். ஒரு பட்டறையில் ஒரு மாத லாட் கார்டுகளை உட்கார்ந்து புரட்டியபோது பாதிக்கும் மேல் இப்படித்தான் இருந்தது, முதலாளிக்கு அதுவரை தெரியவே தெரியாது.

அதனால் முதல் செலவு மெஷினுக்கு ஒரு தண்ணீர் மீட்டர். கூடவே ஒரு நோட்டு: லாட் எடை, பிடித்த தண்ணீர், போட்ட உப்பு, எரித்த விறகு, ஷேடு ஒரே தடவையில் வந்ததா இல்லையா. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எழுத மாட்டார்கள், மாஸ்டருக்குக் கௌரவப் பிரச்சினை. ஆனால் ஷேடு தப்பி ரீ-டையிங் போன லாட்டுக்குத் தண்ணீர், உப்பு, ஆவி எல்லாமே திரும்பவும் செலவு, அங்கே எந்தப் பசுமைத் தொழில்நுட்பமும் எடுபடாது.

நோட்டு ஓட ஆரம்பித்தபின் கெமிக்கல் பக்கம் வாருங்கள். பெராக்சைடு பிளீச்சுக்குப் பிறகு கேட்டலேஸ் என்சைம் போட்டால், மிச்ச பெராக்சைடைப் போக்குவதற்காக ஓட்டும் அலசல்களில் ஒன்றிரண்டு குறையும். பருத்தியோடு பிணையும் முனை ஒன்றுக்குப் பதில் இரண்டு உள்ள (இரட்டை வினைக்குழு) ரியாக்டிவ் சாயங்கள் விலை கூட, ஆனால் துணியில் அதிகம் பிடிக்கும், கழுவ வேண்டியது குறையும். சாயத்தின் கிலோ விலையை மட்டும் பார்த்து வேண்டாம் என்று தள்ளாதீர்கள், சுத்திகரிப்பு பில்லையும் சேர்த்துக் கூட்டுங்கள். சாயத்தைத் தானே இழுக்கும்படி முன்கூட்டியே கெமிக்கல் ஏற்றிய, உப்பே வேண்டாத கேட்டயானிக் பருத்தி பற்றி யாராவது வந்து பேசுவார்கள், ஷேடு சமமாகப் பிடிப்பது அதில் கஷ்டம், மூன்று மெஷினை வைத்துக்கொண்டு நீங்கள் பரிசோதனை செய்ய வேண்டாம். உங்கள் நிலையத்தில், திருப்பூர் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டியதுபோல, நிறம் நீக்கிய உப்புநீரைத் திருப்பித் தருகிறார்களா என்று கேளுங்கள். தந்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள், அதற்கேற்ப ரெசிப்பியைத் திருத்தினால் போதும்.

விறகுக்கு வேலை எளிது. ஒழுகும் ஸ்டீம் டிராப்பை (ஆவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்வு) மாற்றுங்கள், ஆவி குளிர்ந்து வரும் சுடுநீரான கண்டன்சேட்டை பாய்லர் டேங்குக்கே திருப்புங்கள். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம்.

எக்ஸ்போர்ட்டருக்குத் தேவையானதும் இதே நோட்டுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாக "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று போட்டு விற்க முடியாது. கூரையில் இருக்கும் பேனலின் போட்டோவைவிட ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் உப்பு என்ற கணக்குதான் அவர் கையில் இருக்க வேண்டும். சோலார் கொட்டேஷன் மூன்று மாதம் டிராயரில் கிடக்கட்டும். கணக்கோடு அவரைப் பார்க்கப் போகும்போது, ஒரே ஷேடைத் துண்டு துண்டாக 300 கிலோ, 200 கிலோ என்று அனுப்பாமல் மெஷின் கொள்ளளவுக்குச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதை உங்களால் செய்ய முடியாது, அவரால்தான் முடியும்.