டூர் வேனில் நடந்தது கடைக்கு வெளியே நடந்ததா?

கேள்வி: சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் அறுபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் ஜனவரிக் கடைசியில், எங்கள் வார லீவான ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்காடு டூர் கூட்டிப் போனார்கள். 'அனைவரும் கட்டாயம் வர வேண்டும், வராதவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கட்' என்று கடை வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் போட்டார். ஆளுக்கு 500 ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். இருட்டிய பிறகு மலை இறங்கும்போது ஃப்ளோர் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாய்வதுபோல் என்மேல் சாய்ந்தார். நான் பையை நடுவில் வைத்தேன். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை போட்டார். அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டவள். மறுநாள் மேனேஜரிடம் சொன்னபோது, 'அது கடைக்கு வெளியே நடந்தது. ஜாலியாப் போன இடத்துல நடந்ததுக்கு கடை பொறுப்பு இல்லம்மா' என்றார். அதற்கப்புறம் சூப்பர்வைசர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'அடுத்த டூர் எப்போ?' என்று சிரிக்கிறார். போன வாரம்கூட அப்படித்தான். இப்போது மே கடைசி. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஜூனில் மறுபடியும் ஏற்காடு, இந்த முறை ராத்தங்கல். ஆண் பசங்களைக் கடையின் குட்டியானையில் ஏற்றிக்கொள்வார்களாம். போகாமல் இருக்க முடியுமா? நடந்ததற்கு இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. இரண்டுமே முடியும். ஆனால் நடந்ததற்குப் புகார் கொடுப்பதில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அதை முதலில் பார்ப்போம், டூரை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் மேனேஜர் சொன்னது சட்டப்படி தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'பணியிடம்' என்றால் என்ன என்று 2ஆவது பிரிவில் விளக்குகிறது. வேலையின் பொருட்டு ஊழியர் போகும் எந்த இடமும் பணியிடம். அப்படிப் போக முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம். வண்டி என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது, நான் வலிந்து சொல்லும் விளக்கம் அல்ல. கடை பிடித்த வேனில், கடை குறித்த நாளில், கடை ஆட்களோடு நீங்கள் போயிருக்கிறீர்கள். உங்கள் சேலைப் பிரிவில் கவுன்டருக்குப் பின்னால் அவர் அப்படிச் செய்திருந்தால் எந்தச் சட்டமோ, ஏற்காட்டு மலையின் இருபது வளைவுகளிலும் அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர், அரசுத் திட்டத்தின் கீழ் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவருக்கு அலுவலகமும் இல்லை, மேஜை நாற்காலியும் இல்லை, ஊரும் வயல்வெளியும்தான் பணியிடம். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் வேலை பார்க்கும் பெண்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2013 சட்டம். அப்படிப் பிறந்த சட்டம் இருக்கும்போது 'கடைக்கு வெளியே' என்று ஒருவர் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இனி நாள் கணக்கு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஜனவரிக் கடைசி என்றால் அது ஏப்ரலோடு முடிந்துவிட்டது. பயப்பட வேண்டாம், உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நியாயமான காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மறுநாளே மேனேஜரிடம் போய்ச் சொன்னீர்கள், 'கடை பொறுப்பு இல்லை' என்று அவர் திருப்பி அனுப்பினார். இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? இரண்டாவது, தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் மூன்று மாதம் எண்ண வேண்டும். 'அடுத்த டூர் எப்போ' என்று போன வாரம் சிரித்தாரே, அது தனியாகப் பார்த்தால் ஒரு கேள்வி. வேனில் நடந்ததோடு சேர்த்துப் பார்த்தால் அதே துன்புறுத்தலின் தொடர்ச்சி. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் காதில் விழும்படி சொன்னார் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொடர்ச்சி என்பதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். 2025இல் ஒரு பல்கலைக்கழக வழக்கில், பிறகு எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கைகளைப் பழைய துன்புறுத்தலின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காலம் கடந்த புகார் என்றே முடிந்தது. உங்களிடம் இருப்பது நிர்வாக நடவடிக்கை அல்ல, அந்த ஆளே வாயால் சொன்ன பேச்சு. அதனால் உங்கள் நிலை வலுவானது. இருந்தாலும் புகாரிலேயே இரண்டையும் எழுதுங்கள்: தொடர்ச்சி என்றும், அப்படி இல்லை என்று குழு நினைத்தால் காலத்தை நீட்டித்துத் தர வேண்டும் என்றும். நீட்டிப்புக்கு ஜூலைக் கடைசி வரைதான் இடம். ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அறுபது பேர் இருக்கும் உங்கள் கடையில் அப்படி ஒரு போர்டை நீங்கள் பார்த்ததுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இருக்காது என்றே நினைக்கிறேன். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அதே தவறை மறுபடி செய்தால் இரட்டிப்பு, உரிமமே ரத்தாகலாம். குழு இல்லை என்றால் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு அனுப்பி, கடையில் குழுவே இல்லை என்பதையும் அதில் எழுதுங்கள். மாவட்ட சமூக நல அலுவலரிடம் கேட்டால் முகவரி சொல்வார்கள். ஒரு நகல் கடை முதலாளிக்கும் போகட்டும். நாளைக்கு அவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

'நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று உன்மேலேயே நடவடிக்கை வரும்' என்று யாராவது மிரட்டுவார்கள். இது அடிக்கடி வரும் மிரட்டல். நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பொய் என்று தெரிந்தே கெட்ட நோக்கத்தோடு கொடுத்ததாக விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பேச்சே வரும். நீங்கள் பையை நடுவில் வைத்ததும், அதை அவர் எடுத்துக் கீழே வைத்ததும் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வண்டி வளைவில் சாய்ந்தது, நான் என்ன செய்ய என்றுதான் அவர் சொல்லப் போகிறார். வளைவு பையைத் தூக்கிக் கீழே வைக்காது. முன் சீட்டில், பின் சீட்டில் யார் யார் இருந்தார்கள், டிரைவர் யார், இறங்கியதும் யாரிடம் அழுதீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

புகார் கொடுத்த கையோடு இடைக்கால உத்தரவும் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவர் உங்களுக்கு மேலாளாக இருக்கக் கூடாது, உங்கள் வேலையைப் பற்றி அவர் அறிக்கை தரக் கூடாது, அவரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். உங்களுக்கே மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். ஆனால் உங்களை குடோனுக்கு மாற்றுகிறோம் என்று வந்தால் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். தப்பு செய்தவர் நகரட்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால்தான், அதிலும் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. போலீஸுக்குப் போவதும் உங்கள் விருப்பம். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75 ஆகிய பிரிவுகள் இதற்குப் பொருந்தும். நீங்கள் போக விரும்பினால் கடை உங்களுக்கு உதவ வேண்டும் என்பதும் 2013 சட்டத்தில் உள்ள கடமை.

சரி, ஜூன் டூருக்கு வருவோம். போகாமல் இருக்கலாம்.

மேனேஜர் குரூப்பில் போட்ட அந்த 'கட்டாயம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். டூர் கட்டாயம் என்றால் அது வேலை. வேலை என்றால் வார லீவில் கூப்பிட்டதற்கு மாற்று விடுப்பு தர வேண்டும், அங்கே உங்கள் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டும். வேலை இல்லை, சந்தோஷத்துக்குத்தான் என்றால் வராதவரின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. லீவு நாளில் வீட்டில் இருந்தவர் எப்படி ஆப்சென்ட் ஆவார்? சம்பளம் பிடிக்கும்போது வேலை, பெண் புகார் சொல்லும்போது ஜாலி என்று இரண்டு நாக்கில் பேச முடியாது. (டூர் விருப்பம்தான் என்று போட்டிருந்தாலும் வேனில் நடந்ததற்கு 2013 சட்டம் பொருந்தியிருக்கும். கட்டாயம் என்று போட்டதால் மேனேஜரின் வாதத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.) அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதோடு, மெசேஜ் இருக்கும் போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் அந்த போனையே கேட்கலாம்.

அந்த 500 ரூபாய். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கேட்காமல் கொள்ளாமல் பிடித்த டூர் காசு அதில் எங்கேயும் வராது. தொழிலாளர் துறையில் மனு போட்டால் வாங்கலாம். அறுபது பேருக்கும் சேர்த்தால் 30,000 ரூபாய். உங்கள் ஒருத்தியின் பெயரில் போவதைவிடப் பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டால் நல்லது.

குட்டியானை விஷயத்தை நீங்கள் கடைசியில் ஒரு வரியாகச் சொன்னீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பதறிவிட்டது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதே குற்றம். அதோடு, சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. ஓட்டுநரும் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களும் வேறு, டூருக்கு ஏறிய விற்பனைப் பையன்கள் வேறு. மலையில் பிரேக் பிடிக்காமல் ஒன்று நடந்துவிட்டால் அந்தப் பையனின் குடும்பம் இழப்பீட்டுக்கு எங்கே போகும்? முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் வருஷக்கணக்கில் வழக்கு. உங்கள் கூட வேலை பார்க்கும் தம்பிகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இருக்கைக்கு ஒருவராக, பயணிகள் பெர்மிட் உள்ள வேனோ பஸ்ஸோ பிடிக்கட்டும்.

டூரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க சேலை விரித்து மடிக்கிறவர்கள் ஒரு நாள் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்ட்டில் காற்று வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? வேலை நாளில் வைக்கலாம், இருட்டுமுன் அடிவாரம் வந்து சேரலாம், வர விருப்பமில்லாதவரை ஏன் என்று கேட்காமல் விடலாம். வேனில் பெண்களுக்குத் தனி வரிசை, கூடவே புகார் கேட்கப் பொறுப்பான ஒரு பெண். ராத்தங்கலும் பாட்டிலும் வேண்டாம். இதற்கெல்லாம் செலவு ஒன்றும் அதிகமில்லை. ஊழியர் நலன் என்று நிஜமாகவே முதலாளிக்கு அக்கறை இருந்தால் மலைக்கு முன்னால் நாற்காலியைப் பார்க்கட்டும். கடைகளில் ஊழியர்கள் வேலைக்கிடையில் உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உங்கள் சேலைப் பிரிவில் நாற்காலி இருக்கிறதா? இல்லையென்றால் தொழிலாளர் துறைக்குப் போடும் மனுவில் 500 ரூபாயோடு அதையும் ஒரு வரி சேருங்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், சட்டத் தமிழ் தேவையில்லை. 'ஜனவரி மாதம் இந்தத் தேதி, கடை ஏற்பாடு செய்த வேனில், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது' என்று தொடங்கி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். சாட்சிகளின் பெயரும் முகவரியும் சேருங்கள். ஆறு பிரதி எடுங்கள், விதியில் அப்படித்தான் கேட்கிறார்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வீட்டில் வையுங்கள். கடை லாக்கரில் வேண்டாம்.