டொராண்டோ குளிரில் கொல்லைப்புறப் பசுமைக்குடிலுக்கு என்ன ஹீட்டர், என்ன லைட் வாங்கலாம்?

6க்கு 8 அடிக் குடில், 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், ஜனவரியிலும் கறிவேப்பிலை, மிளகாய், கீரை எல்லாம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள், பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 22 சதுர மீட்டர் வரும். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் இந்த ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 வாட் வெப்பத்தை வெளியே விடும். வெளியே மைனஸ் 15, உள்ளே கறிவேப்பிலைக்காக 12 என்றால் வித்தியாசம் 27. பெருக்கினால் 2,000 வாட்டைத் தாண்டிவிடுகிறது, அதுவும் கதவிடுக்கில் போகும் காற்றைச் சேர்க்காமல். இங்கே சாதாரண பிளக்கில் சொருகுகிற ஹீட்டர்கள் அதிகபட்சம் 1,500 வாட்தான். அது விடாமல் ஓடினாலே நாளைக்கு 36 யூனிட், செடி அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மிளகாய்க்கும் அதேதான். குடிலை ஸ்பினாச், லெட்யூஸ் மாதிரி குளிர் தாங்கும் இலைகளுக்கு விட்டு, தெர்மோஸ்டாட்டை 2 டிகிரியில் வைத்தால் அதே மைனஸ் 15 இரவுக்கு 1,300 வாட் போதும். உள்பக்கம் பபிள் ராப் ஒட்டி, இடுக்குகளை டேப்பால் அடைத்து, இரவில் செடிகளின் மேல் மெல்லிய ஃப்ளீஸ் துணியும் போர்த்தினால் இன்னும் குறையும். என்னைக் கேட்டால் முதல் காசு ஹீட்டருக்கு இல்லை, இதற்குத்தான்.

தண்ணீர் டிரம் வைத்தால் பகல் சூட்டைப் பிடித்து இரவில் கொடுக்கும் என்று பலர் சொல்வார்கள். 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறினால் கிடைப்பது 2.3 யூனிட், அதாவது உங்கள் ஹீட்டர் ஒன்றரை மணி நேரம் ஓடிய மாதிரி. டிசம்பர் மேகத்தில் அந்த 10 டிகிரி ஏறவே வேண்டுமே! மண்ணெண்ணெய், புரொபேன் ஹீட்டர்கள் வேண்டாம். எரியும்போது நீராவி கக்கி இலையில் சாம்பல் பூஞ்சையை வரவழைக்கும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

சரி, லைட். நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை டொராண்டோவில் பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு, அந்த நாட்களில் கீரை உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. 2 சதுர மீட்டர் பெஞ்சுக்கு 160 வாட் அளவில் நல்ல எல்இடி கிரோ லைட் போதும். லூமனைப் பார்த்து வாங்காதீர்கள், அது மனிதக் கண்ணுக்கான அளவு. பிபிஎஃப்டி, அதாவது செடி பயன்படுத்தும் ஒளி இலை மேல் எவ்வளவு விழுகிறது என்ற அளவு, 200 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஈரத்தில் தொங்கப்போவதால் ஐபி65 (தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாத தரம்) இருக்கட்டும். அந்த 160 வாட்டும் கடைசியில் குடிலுக்குள் வெப்பமாகத்தான் மாறும் என்பது உபரி லாபம்.

டைமரைக் காலை 5 மணிக்குப் போட்டு மாலை 5 மணிக்கு அணையுங்கள். மேகமான பகலிலும் எரியட்டும். 14 மணி நேரத்துக்கு மேல் கொடுத்தால் ஸ்பினாச் பூத்தண்டு விட்டுவிடும்.

ஒன்டாரியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாக கரண்ட் தரும் கட்டணத் திட்டம் ஒன்று உண்டு, ஹீட்டர் அதிகம் ஓடுவதும் அப்போதுதான் என்பதால் நன்றாகப் பொருந்தும். ஆனால் அதில் வார நாள் மாலை 4 முதல் 9 வரை தீட்டிவிடுவார்கள், வீட்டில் மின் அடுப்பு இருந்தால் சமையல் நேரத்தையும் கணக்கில் சேர்த்து முடிவு பண்ணுங்கள்.

அப்புறம், ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிப்பது) பாதுகாப்போடு தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.