சீமெந்து பேக்குக்கு மேல மொனிட்டர்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். வயசு 27. ஈவ் ஆன்லைன் எண்ட விண்வெளி கேம் கன காலமா விளையாடுறன். எந்தக் கூட்டத்திலயும் சேராம, ஆரிட்டயும் கையேந்தாம, தனியாளா சிறுகோள் தோண்டி வித்து ஒரு ரெட்ரீவர் கப்பல் எடுத்தன். போன மாசம் பாதுகாப்புப் புள்ளி 0.5 உள்ள இடத்தில தோண்டிக்கொண்டு நிக்கேக்க ஒருத்தன் மலிஞ்ச கெற்றலிஸ்ட் கப்பல்ல வந்து செக்கன் கணக்கில என்ட கப்பலை உடைச்சிட்டான். கொன்கோர்ட் எண்ட விண்வெளிப் பொலிஸ் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வந்தது. அடுத்த நாள் அவன்ட கூட்டாளி அதே இடத்தில சும்மா நிண்டதைக் கண்டு கோவத்தில நான் அடிச்சன், இந்த முறை அதே பொலிஸ் வந்து என்ட புதுக் கப்பலைத் தூளாக்கிட்டுது, இன்சூரன்ஸும் தரேல்ல. நித்திரையே வருதில்ல. தங்கச்சி தன்ட வீடு கட்டக் கட்டார்ல இருந்து அனுப்பின காசுல வாங்கின சீமெந்து 12 பேக் சித்திரையில இருந்து ஹோல்ல அடுக்கிக் கிடக்கு, அதுக்கு மேலதான் மொனிட்டர் வச்சிருக்கன், அந்த உயரத்தால கழுத்தும் நோகுது. தனியாளா உழைக்கிறவனுக்கு நியாயமே இல்லையா? இந்தப் பொலிஸை எதிர்த்து நான் என்ன செய்யலாம், இல்லாட்டி கேமையே விடவா?
பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

தம்பி, உங்கட கடிதம் நாலு பக்கம், அதைச் சுருக்கித்தான் மேல போட்டிருக்கன். அதில மூண்டரைப் பக்கம் பொலிஸும் கப்பலும், மிச்சத்தில கழுத்து நோ. அந்தக் கழுத்து நோவுக்குள்ள ஒரு சீமெந்து அடுக்கு வந்து போகுது பாருங்க, நான் அங்கயே நிண்டிட்டன். 12 பேக், சித்திரையில இருந்து, தங்கச்சிட காசு. அதுக்கு மேல மொனிட்டர். நீங்க அதைக் கழுத்துக்காகத்தான் எழுதியிருக்கிறீங்க, அதுதான் எனக்குக் கோவம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதுசில்ல. கேம் மாறும், ஒருத்தருக்கு கிரிக்கெட் பெட்டிங், இன்னொருத்தருக்கு ஒன்லைன் ட்ரேடிங், உங்களுக்கு விண்வெளி. எல்லாத்திலயும் எங்கயோ தூரத்தில ஒரு அநியாயக்காரன் இருப்பான், வீட்டுக்குள்ள செய்ய வேண்டிய வேலை ஒண்டு தொடாமக் கிடக்கும், அவர் அநியாயக்காரனைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுவார், வேலையைப் பத்தி அரை வரி எழுதுவார்.

பொலிஸ் கேள்வியை முதல்ல முடிச்சுவிடுறன், ஏனெண்டா அதில கதைக்கப் பெரிசா ஒண்டும் இல்ல. என்ட அக்காட மகனும் இந்தக் கேம் விளையாடுறவர், அவரைக் கூப்பிட்டு இருத்தி வச்சு வடிவாக் கேட்டன். 2003ல ஐஸ்லாந்தில ஒரு கொம்பனி தொடங்கின கேம், கொன்கோர்ட் அதில காவல் நிக்கிற பொலிஸ் இல்ல, குற்றம் நடந்த பிறகு வந்து அடிக்கிற பொலிஸ். 1.0 இடத்தில கெதியா வரும், 0.5 இடத்தில சுணங்கித்தான் வரும், அது அந்த உலகத்தின்ட சட்டம், அங்க தோண்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். உங்கட கப்பலை உடைச்சவனை அது விட்டுட்டுப் போகேல்ல, அவன்ட கெற்றலிஸ்டையும் உடைச்சுத்தான் இருக்கும், அவன் அந்த நட்டத்தைக் கணக்குப் பாத்துத்தான் வந்திருப்பான். பிறகு நீங்க செய்தது என்ன? ஒண்டும் செய்யாம நிண்ட ஒராளை முதல்ல அடிச்சீங்க. அவர் ஆற்ற கூட்டாளியா இருந்தாலும் சட்டத்துக்கு அது கணக்கில்ல. அதோட, சேஃப்டி எண்டு ஒரு சுவிட்ச் இருக்காம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில இருந்தா நீங்க கை தவறி அமத்தினாலும் குற்றம் செய்ய விடாது. அதை நீங்களே சிவப்புக்கு மாத்தினாத்தான் அப்பிடி அடிக்க ஏலும், அடிச்சுப் பொலிஸிட்ட கப்பலைக் குடுத்தா இன்சூரன்ஸும் கிடையாது. இது உங்களுக்குத் தெரியாது எண்டு சொல்லாதீங்க தம்பி, கன காலமா விளையாடுற ஆள். அந்த வழக்கில நியாயம் பொலிஸ் பக்கம். நீங்க முதல் கப்பலை இழந்தது கவலைதான், ரெண்டாவது நீங்களாத் தேடிப் போனது.

சரி, இனி சீமெந்து.

எந்த இடத்தில கப்பல் நிண்டது எண்டு தசம புள்ளியோட எழுதின உங்களுக்கு, தங்கச்சிட வீடு எந்த மட்டத்தில நிக்குது எண்டு எழுத வரேல்ல. அத்திவாரத்தில நிக்குதா, லிண்டல் மட்டத்தில நிக்குதா, கூரைக்கு ஆயத்தமா? மேசன் பாஸ் ஆர், எப்ப கடைசியா வந்தவர், மணல் பறிச்சதா, கம்பி வாங்கினதா, ஒண்டும் இல்ல. 12 பேக் எண்டா 600 கிலோ. கேமில நீங்க தோண்டின கல்லுக்கு எடை இல்ல தம்பி. நிசத்தில மனுசர் சிறுகோள்கள்ல இருந்து பூமிக்குக் கொண்டு வந்ததே, ஜப்பான்காரர் 2020ல 5 கிராம் சொச்சம், அமெரிக்கா 2023ல 121 கிராம் சொச்சம், அவ்வளவுதான். உங்கட ஹோல்ல கிடக்கிறது 600 கிலோ நிச உழைப்பு, ஒரு பொம்பிளைப் பிள்ளை பாலைவன வெயிலுக்குள்ள போய்ச் சம்பாதிச்சது, அதை நீங்க மேசையா வச்சிருக்கிறீங்க.

சித்திரையில வாங்கினது எண்டா இப்ப ஆவணி, நாலு மாசம் தாண்டிட்டுது. சீமெந்து மூண்டு மாசம் தாண்டினாலே பலம் குறையத் தொடங்கும், அதுவும் எங்கட ஊர்க் காத்தில, கடல் மூண்டு பக்கமும் ஊதுற இடத்தில, கதவு திறந்து மூடுற ஹோலுக்குள்ள. சீனக்குடாப் பக்கம் சீமெந்து ஃபெக்டரியே வச்சிருக்கிற ஊர் நாங்க, சீமெந்தை எப்பிடி வைக்கிறது எண்டு தெரியாது எண்டு சொல்ல வெக்கமா இருக்க வேணும். நிலத்தில நேர வைக்கக் கூடாது, பலகை போட்டு வைக்க வேணும், சுவரோட ஒட்டக் கூடாது. நீங்க பலகை போட்டீங்களா? கொம்பியூட்டருக்கு ஸ்டெபிலைசர் போட்டிருப்பீங்க, அது எனக்குச் சந்தேகமே இல்ல.

இதை வாசிச்ச உடன எழும்புங்க. மொனிட்டரைக் கீழ இறக்குங்க. மேல இருக்கிற பேக்கைப் பிரிச்சு கையை உள்ள விடுங்க, நல்ல சீமெந்து எண்டா குளிர்ந்து மாப் போல விரலுக்குள்ள வழுகும். கட்டி தட்டுப்பட்டா ஒரு கட்டியை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவில நசிச்சுப் பாருங்க. பொடியாப் போனா பயமில்ல. கல்லு மாதிரி நிண்டா அந்த பேக் போச்சுது. பிறகு அடியில இருக்கிற பேக்கைப் பாருங்க, மேல உள்ள பாரம் எல்லாம் அதுக்கு மேலதான் இருந்தது, ஈரமும் அங்கதான் ஏறும், அது பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும். இறுகினதை லிண்டலுக்கும் தூணுக்கும் பீமுக்கும் கிட்டவும் கொண்டு போகாதீங்க, பாஸ் ஓம் எண்டா முத்தத்துக்கு எங்கயாவது போடலாம். எத்தினை நல்லது எத்தினை பழுது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க. பழுதானது உங்கட கணக்கு, தங்கச்சிட கணக்கில்ல. கூலி வேலைக்குப் போய் எண்டாலும் அத்தினை பேக்கை நீங்க வாங்கி வைக்க வேணும்.

இன்னொண்டு கேக்கிறன், நேர கேக்கிறன். ரெண்டாவது கப்பல் ஒரு நாளில எப்பிடி வந்தது? அந்தக் கேமில பிளெக்ஸ் எண்டு நிசக் காசுக்கு வாங்கி, அங்கத்தைக் காசா மாத்தலாமாம். நீங்க அப்பிடி வாங்கினீங்க எண்டு நான் சொல்லேல்ல. ஆனா வாங்கியிருந்தா அது எந்தக் காசு எண்டு எனக்கு எழுத வேண்டாம், தங்கச்சிக்குச் சொல்லுங்க.

ஆரிட்டயும் கையேந்தாத தனியாள் எண்டு எழுதியிருக்கிறீங்க. அதை வாசிச்சு எனக்கு நெஞ்சு பதறினது. தம்பி, உங்கட வீட்டில தனியாளா நிண்டு தோண்டுறது உங்கட தங்கச்சி. கூட்டமும் இல்ல, காவலும் இல்ல, விடிய எழும்பி வேன்ல ஏறி வேலைக்குப் போய் ரூமுக்கு வந்து ஒரு கட்டில் அளவு இடத்தில படுத்து எழும்பிச் சேத்த காசு அது. அவ தோண்டி அனுப்பினது அண்ணன்ட கையில வந்து சேந்த இடத்தில நிண்டு போச்சு. உங்களை வழிமறிச்ச கெற்றலிஸ்ட்காரனில உங்களுக்கு நித்திரை வாறதில்ல. அவவுக்கு நித்திரை வருதா எண்டு கேட்டீங்களா? வீடு எப்பிடி அண்ணா போகுது எண்டு அவ கேட்டா நீங்க என்ன சொல்றீங்க, அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே.

எங்கட கிழக்கில வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. எனக்குத் தெரியும், இப்ப சில பேர் அதைப் பழைய பழக்கம் எண்டு சொல்லுவினம், சொல்லட்டும். எனக்கு அதில மாற்றுக் கதை இல்ல. ஒரு பிள்ளை ஆரையும் நம்பி நிக்காம தன்ட கூரைக்குக் கீழ நிக்கிறதுக்கு அதை விட நல்ல ஏற்பாடு நான் காணேல்ல. அப்பன் கட்டிக் குடுப்பார், அவரால ஏலாட்டி அண்ணன் தம்பி கட்டிக் குடுப்பினம். இஞ்ச அந்தப் பிள்ளை தானே கடல் கடந்து போய் தன்ட வீட்டுக்குக் காசு அனுப்புது. அண்ணனுக்கு மிஞ்சினது பக்கத்தில நிண்டு பாத்துச் செய்விக்கிற வேலை மட்டும்தான், அதையும் செய்யாட்டி அண்ணன் எண்டு கூப்பிடுறதுக்கு என்ன இருக்கு? மன்னிக்கச் சொல்லிக் கேக்க மாட்டன் இதுக்கு. உங்கட அம்மாவும் அந்த ஹோலாலதானே நடந்து திரியிறா, ஒவ்வொரு நாளும் அந்த அடுக்கைக் கண்டு கண்டு வாய் திறக்காம இருக்கிறா எண்டுதான் நினைக்கிறன், ஆம்பிளைப் பிள்ளை கோவப்பட்டிடுவான் எண்டு. அம்மாமாருக்கும் சொல்றன், அந்த மௌனம் பிழை. மகள் அனுப்பின காசுக்கு மகனிட்டக் கணக்குக் கேளுங்க, கேக்கிறதில ஒரு குறையும் இல்ல.

பாஸ்மார் கிடைக்கிறதில்ல எண்டு சொல்லுவீங்க, அது எனக்கு இப்பவே கேக்குது. இப்ப கச்சான் காத்து, வெயில் காலம், எல்லாற்ற வீட்டிலயும் வேலை நடக்குது, உண்மைதான் ஆள் தட்டுப்பாடு. அதுக்காக போனில கேட்டுட்டு வைக்கிறதில்ல. விடிய ஆறு மணிக்கு அவர் வேலைக்கு வெளிக்கிட முதல் அவர்ட வீட்டு வாசல்ல போய் நில்லுங்க, ரெண்டு நாள் நிண்டா மூண்டாம் நாள் ஒரு திகதி தருவார். தராட்டி நிலாவெளியிலயோ கன்னியாப் பக்கமோ வேற ஆளைப் பிடியுங்க. ஐப்பசி மழை பிடிச்சா தை வரைக்கும் ஒண்டும் நடக்காது, திறந்த சுவர் எல்லாம் நனைஞ்சு கிடக்கும், உங்களுக்கு இருக்கிறது ரெண்டு மாசமும் இல்ல.

கேமை விடவா எண்டு கேட்டீங்க. விடச் சொல்லி நான் சொல்லேல்ல, பொழுதுபோக்கு ஆருக்கும் வேணும். என்ட அக்காட மகன் இன்னொண்டும் சொன்னவர், அந்தக் கேமின்ட சேர்வரை ஒவ்வொரு நாளும் எங்கட பின்னேரம் 4.30க்கு நிப்பாட்டித்தான் திரும்பத் தொடங்குவாங்களாம், அவங்கட கணக்கில பகல் 11 மணி, ஐஸ்லாந்து நேரம். உங்களுக்கு அந்த நேரம் மனப்பாடமா இருக்கும். அந்த நேரம் கட்டார்ல பகல் ரெண்டு மணி. வாற வெள்ளிக்கிழமை, அவவுக்கு லீவு நாள் எண்டா, அந்த நேரத்துக்கு தங்கச்சிக்கு வீடியோ கோல் எடுங்க. கொப்பியைக் கையில வச்சுக்கொண்டு எடுங்க. எத்தினை பேக் பழுது, பாஸ் எந்தத் திகதி சொன்னவர், மிச்சக் காசு எவ்வளவு, மூண்டையும் சொல்லுங்க, பேக் அடுக்கி இருந்த இடத்தையும் காட்டுங்க. அவ ஏசினா கேட்டுக்கொண்டு இருங்க, போனை வைக்க வேண்டாம்.

லிண்டலோ பீமோ கொங்கிரீட் போட்டா குறைஞ்சது 7 நாள் காலமையும் மத்தியானமும் பின்னேரமும் தண்ணி ஊத்தி நனைச்சு வச்சிருக்க வேணும், இந்த வெயிலுக்கு அதுவும் காணாது, சாக்கை நனைச்சு மேல போட வேணும். அந்த வேலையைக் கூலி ஆளிட்டக் குடுக்காம நீங்களே செய்யுங்க, செய்து முடிச்சுட்டு வீடு எந்த மட்டத்தில நிக்குது எண்டு எனக்கு எழுதுங்க.