பம்ப் மார்க்கர் பழசுன்னு உள்பார்ட்ஸ மாத்தாதீங்க, மொதல்ல டேங்க்க பாருங்க

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல பழைய நெல்சன் டைப் பம்ப் பெயிண்ட்பால் மார்க்கர் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து பெயிண்ட் பந்து சுடற துப்பாக்கி) வாங்கினேன். 12 கிராம் சிஓ2 குப்பி போட்டா நல்லா சுடுது, காத்து டேங்க் மாட்டினா பந்து பக்கத்துலயே விழுந்துடுது. டேங்க் வித்தவர் இந்த டிசைனே காலாவதி, உள்பார்ட்ஸ் மொத்தமும் மாத்தணும்ங்கறார். மாத்தலாமா?

பதில்: வேண்டாங்க. குப்பியில நல்லா சுடுதுன்னா வால்வு நல்லாத்தான் இருக்கு.

1981ல நியூ ஹாம்ப்ஷயர் காட்டுல நடந்த மொத ஆட்டத்துல எல்லார் கையிலயும் இருந்தது நெல்ஸ்பாட் 007, நெல்சன் டைப்புங்கறது அந்த வழிதான். மரத்துக்கும் மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் வைக்க செஞ்சது. பந்த பேரலுக்குள்ள தள்ற போல்ட், வால்வ அடிச்சு திறக்கற ஹேமர், காத்து விடற வால்வு மூணும் ஒரே குழாய்க்குள்ள வரிசையா இருக்கும். சிஓ2 20 டிகிரில 830 பிஎஸ்ஐ கிட்ட தரும், அவ்ளோ அழுத்தத்துக்கு சின்ன வால்வே போதும், ஆனா 30 டிகிரி ஆனா அதுவே 1000ஐ தாண்டிடும், அதனால காலைல ஒரு வேகம் மத்தியானம் ஒரு வேகம், அத சரி பண்ண பிரிச்சு ஸ்பிரிங் மாத்தணும். ஷெரிடன் டைப்ல மேல போல்ட், கீழ ஹேமரும் வால்வும்னு ரெண்டு குழாய். பட் ஓர்ங்கறவர் செஞ்ச ஸ்னைப்பர்ங்கற பம்ப் மார்க்கரும் இந்த வழிதான், பின்னாடி ஆலன் கீ விட்டு திருகினா வேகம் மாறிடும். அழுத்தத்த குறைச்சு ஒரே அளவுல வைக்கற ரெகுலேட்டர் வந்தப்புறம் குறைஞ்ச அழுத்தத்துல நெறைய காத்து விடணும்னு ஆச்சு, பெரிய வால்வுக்கு கீழ் குழாய்ல எடம் இருந்துச்சு. ஸ்னைப்பர்ல இருந்தே ஆட்டோகாக்கர்ங்கற செமி-ஆட்டோ மார்க்கர் வந்ததால பார்ட்ஸும் சுலபமா கெடைச்சுது. பந்து நேரா போகும்னு யாரும் நெல்சன்ல இருந்து ஷெரிடனுக்கு மாத்தல, அதுக்கு பேரல் அளவும் பந்து அளவும் பொருந்தணும்.

இப்ப உங்க டேங்க். 3000, 4500னு பெருசா போட்டிருக்கறது உள்ள அடைக்கற அழுத்தம். வெளிய எவ்ளோ வருதுங்கறதுதான் உங்களுக்கு முக்கியம், அத பல டேங்க்ல பொடி எழுத்துல போடுவான், சிலதுல போடவே மாட்டான், இத கட்டாயம் ஆக்கறதுல என்ன கஷ்டம்னு எனக்கு இன்னும் புரியல. 800 கிட்ட வர்ற டேங்க்னா நெல்சன் அப்படியே ஓடும். 450 வர்றதுன்னா ஓடாது, ஸ்பிரிங் மாத்தினா கொஞ்சம் தேறும், அப்பவும் முழு வேகம் வரும்னு நம்பாதீங்க. 300 வர்றதுன்னா அந்த முயற்சியே வேண்டாம். உங்களுக்கு கைமாத்தி விட்டது 450ஓ 300ஓ தான்னு நெனைக்கறேன்.

இதுதான் தரகர்ங்க வழக்கமா பண்ற வேலை. பொருந்தாத டேங்க தள்ளி விடுவாங்க, சுடலன்னு போனா வால்வு போச்சும்பாங்க, அப்புறம் ‘அப்கிரேட் கிட்’னு ஒண்ண நீட்டுவாங்க. ஒத்தக் குழாய் பாடில ரெட்டக் குழாய் பார்ட்ஸ் நுழையவே நுழையாதுங்க, கடைசில புது மார்க்கர் வாங்கின காசு போயிருக்கும்.

டேங்க திருப்பிக் குடுத்துட்டு 800 வர்றதா கேளுங்க, தர மாட்டேன்னா 12 கிராமோடவே ஆடுங்க. ஓ-ரிங் மட்டும் புதுசா போடுங்க. எத மாத்தினாலும் களத்துல இறங்கறதுக்கு முன்னாடி க்ரோனோல (பந்து வேகம் அளக்கற கருவி) சுட்டுப் பாருங்க, நொடிக்கு 280 அடியோ 300 அடியோ அந்த எடத்து வரம்பு எதுவோ அதுக்குள்ள இருக்கணும், சிஓ2னா மத்தியானம் வெயில் ஏறினதும் இன்னொரு தடவை பாருங்க, களத்துக்காரங்க கூப்பிட மாட்டாங்க, நீங்களே போய் நில்லுங்க.