அப்பா சிரித்தால் ஏன் பயமாக இருக்கிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. அப்பாவுக்கு இருமுனை மனநலக் கோளாறு. என் சிறுவயதில், நள்ளிரவில் எழுப்பி வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்வார். கடனுக்கு நான்கு தையல் இயந்திரங்களை வாங்கி வந்து இறக்குவார். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மூன்று ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். ஆனாலும் அவர் வாய்விட்டுச் சிரித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் கெட்ட மகளா? எனக்கும் இது வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பின்னாலேயே கடன்காரர்கள் வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். இதில் கெட்ட மகள் எங்கே வந்தாள்? ‘நோய்மீது கோபப்படு, அப்பாமீது படாதே’ என்று பலர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நள்ளிரவில் உங்களை உலுக்கி எழுப்பியது அப்பாவின் கைதானே? கோபம் இருந்தால் இருக்கட்டும். பாசமும் கூடவே இருக்கும்.

இனி அவருடைய சிரிப்பை விட்டுவிட்டுத் தூக்கத்தைக் கவனியுங்கள். மகிழ்ச்சியாக இருப்பவர் இரவில் அசந்து தூங்குவார். மேனியா, அதாவது இந்த நோயின் மிகை உற்சாகக் கட்டம், தலைதூக்கும்போது இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல் எழுவார். பேச்சு வேகமெடுக்கும், செலவு கைமீறும்.

அப்படி நடந்தால் மருத்துவரை யார் அழைப்பது, ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அவர் தெளிவாக இருக்கும் இப்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பாவோ அத்தையோ ஏற்கட்டும். சிறுவயதிலிருந்து நீங்கள் காவல் காத்தது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். உடலில் நீர் வற்றினாலோ, மூட்டுவலிக்கு என்று இபுபுரூஃபன் போன்ற மாத்திரை போட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மதுரை வெயிலில் உடலில் நீர் வற்றுவது சாதாரணமாக நடக்கக்கூடியது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அவரே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

உங்களுக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். பொதுவாக வருவதைவிட இது அதிகம்தான். ஆனால் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ஒரு நாள் மனம் சோர்ந்தாலே பயந்துவிடாதீர்கள். காரணமின்றிப் பல நாள் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பயத்தைப் பேசித் தீர்க்கவும் ஆள் வேண்டும். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை அப்பா சிரிக்கும்போது, முந்தைய இரவு எப்படித் தூங்கினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நன்றாகத் தூங்கினார் என்றால், எதற்குச் சிரித்தீர்கள் என்று அவரிடமே போய்க் கேளுங்கள்.