ஆலய ஒலியமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஆலயம் நூறாண்டைக் கடந்த, உயர்ந்த கூரையுள்ள கல் கட்டடம். பின்வரிசைக்குப் பிரசங்கம் உரக்கக் கேட்கிறது. ஆனால் சொற்கள் விளங்கவில்லை. பெரிய ஸ்பீக்கர்களைக் கூடுதலாக வாங்கி வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இத்தகைய கட்டடத்தில் எழும் ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, மூன்று நான்கு விநாடிகள்கூட அடங்காமல் நிற்கும். பாடகர் குழுவுக்கு அது அழகு சேர்க்கும். பிரசங்கத்திலோ ஒரு சொல்லின் முழக்கம் ஓய்வதற்குள் அடுத்த சொற்கள் அதன்மேல் வந்து விழுகின்றன. ஒலியளவைக் கூட்டும்போது நேராக வரும் ஒலியும் எதிரொலிக்கும் ஒலியும் சேர்ந்தே கூடுவதால், இரைச்சல் மிகுமே தவிர தெளிவு பிறக்காது. எனவே முன்னால் உள்ள பெரிய ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் அடக்கிவிட்டு, ஒலியை மேலும் கீழும் சிதறவிடாத, தூண் வடிவிலான ஒடுங்கிய ஸ்பீக்கர்களைச் சபையார் அமர்ந்திருக்கும் உயரத்தை நோக்கி, ஆலயத்தின் நடுப்பகுதியில் இருபுறமும் பொருத்துங்கள்.

அவற்றுக்கு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் ஏற்பாடு) வைப்பது கட்டாயம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், முன் ஸ்பீக்கரின் ஒலி 20 மீட்டர் கடக்க 58 மில்லிவிநாடி பிடிக்கும்; நடு ஸ்பீக்கர் முந்திக்கொண்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். கணக்கிட்ட நேரத்தோடு இன்னும் பத்து மில்லிவிநாடியைச் சேர்த்தால், போதகரின் குரல் பக்கவாட்டிலிருந்து வராமல் பிரசங்க பீடத்திலிருந்தே வருவதுபோல் தோன்றும். சனிக்கிழமை வெறும் ஆலயத்தில் வைத்த அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால், ஞாயிறன்று சபை நிறைந்ததும் முழக்கம் குறையும். மிக்சரை (மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் கருவி) வெஸ்ட்ரிக்குள் (போதகர் ஆயத்தமாகும் அறை) வைத்துவிட்டு அங்கிருந்தே இயக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். சபையார் கேட்பதை இயக்குபவரும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: பிரசங்க பீட மைக்கில் ஒலியைச் சற்றுக் கூட்டினாலே ஊளையிடுகிறது. ஃபீட்பேக்கை நிறுத்தும் கருவி வாங்கலாமா?

பதில்: வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடும். 60 சென்டிமீட்டரில் இருப்பதை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கிடைக்கிறது; எந்தக் கருவியும் இவ்வளவு தருவதில்லை. அடுத்து, பிரசங்க நேரத்தில் பாடகர் குழுவின் மைக்குகளை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளையிடாமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் இழப்பு. முன்புற ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் வகை மைக் தன் நேர் பின்புறத்து ஒலியை வாங்காது என்பதால் மானிட்டரை (பேசுபவரும் பாடுபவரும் தம் ஒலியைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) அங்கே வைக்கலாம். நேர் பின்புறத்திலும் சிறிது ஒலி வாங்கும் சூப்பர் கார்டியாய்டு வகைக்கு அது பொருந்தாது, மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். கையில் மைக் பிடிக்கும் இளைஞர்கள் அதன் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்துவதைத் தடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: கீபோர்டை இணைத்தவுடன் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வருகிறது. எர்த் பின்னை வெட்டிவிடுமாறு ஒருவர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். இரைச்சல் போகலாம், ஆனால் கருவியில் மின்கசிவு ஏற்படும் நாளில், அதைத் தொடுபவரின் உயிரைக் காப்பது அந்த எர்த் இணைப்புதான். கீபோர்டும் மிக்சரும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது எர்த் வழியாக ஒரு வளையம் உருவாகி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலியும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் கேட்கின்றன. இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அப்போதும் தீராவிட்டால் இடையில் ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டின் ஒலி சிக்னலை மிக்சருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து, ஒலி வயர் வழியான எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். டிசம்பரில் மட்டும் புதிதாக ஓர் இரைச்சல் முளைத்தால், மைக் வயர்களோடு சேர்த்துக் கட்டிய சீரியல் விளக்கு வயர்களைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: மின்தடைக்குப் பின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும் மைக் உடனே வேலை செய்வதில்லையே?

பதில்: டிஜிட்டல் மிக்சர் மீண்டும் உயிர்பெறச் சிறிது நேரம் எடுக்கும். மிக்சருக்கும் வயர்லெஸ் ரிசீவர்களுக்கும் மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் போதும். ஆம்பிளிஃபயரை எப்போதும் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள்.

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வெளியே ஹாரன் ஸ்பீக்கர் கட்டலாமா?

பதில்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை உண்டு. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் மாநில அரசு தளர்வு அளிக்கலாம் என்றாலும், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். ஆகவே புத்தாண்டு பிறக்கும் நொடிக்குப் பிறகு வெளி ஸ்பீக்கருக்கு இடமில்லை. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதே 2000-இல் கூறியது சென்னை ஆலயம் ஒன்றின் வழக்கில்தான். வெளி ஸ்பீக்கர்களை மிக்சரில் தனி அவுட்புட்டில் இணைத்துவிட்டால், உள்ளே ஆராதனை தடைபடாமல் அவற்றை மட்டும் உரிய நேரத்தில் நிறுத்திவிடலாம்.